கும்பகருணன் கேட்ட வரம்



மைசூர் என்ற இந்த ஊரின் பெயரே ஒரு போரிலிருந்து வந்தது. சாமுண்டி மலையில் ஒரு கையில் வாளும் மறுகையில் பாம்புமாக நிற்கும் மகிஷாசுரனோடு படம் எடுத்துக்கொள்ளாமல் இறங்குகிறவர்கள் குறைவு. தோற்றவன் பெயரை ஊருக்கு வைத்துவிட்டு, வென்றவளுக்குத் தசரா எடுக்கிறோம். அசுரன் செத்ததும் கதை முடிந்துவிடுகிறது. அடிபட்டு வீடு திரும்பியவர் எவரும் அதில் இல்லை.

நான் பேச வந்தது அப்படித் திரும்பியவர்களைப் பற்றித்தான், அதிலும் மூக்கில்லாமல் திரும்பியவர்களைப் பற்றி.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையாரின் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி மதுரையை நெருங்கியது. ஆண், பெண், குழந்தை என்று பாராமல் மூக்கை அறுத்தார்கள் என்று அக்கால ஏசுசபைப் பாதிரியார்களின் கடிதங்கள் சொல்கின்றன. மதுரை மன்னர் திருமலை நாயக்கர் நோயில் கிடந்தார். ரகுநாத சேதுபதி வந்து மதுரையைக் காத்தார். பிறகு நாயக்கரின் தம்பி குமாரமுத்து மைசூர்ச் சீமைக்குள் புகுந்து அதே வேலையைச் செய்தார். நம்மவர் செய்ததை மட்டும் 'பழிக்குப் பழி' என்று எழுதிக்கொள்கிறோம். அறுபட்டது என்னவோ அங்கேயும் மூக்குதான்.

மதுரையைக் காத்த நன்றிக்குத்தான் இராமநாதபுரத்தில் நவராத்திரியை விமரிசையாக நடத்தும் உரிமையைச் சேதுபதிக்கு நாயக்கர் கொடுத்தார் என்பது சேதுநாட்டு வழக்கு. மன்னருக்கு விழா, செத்த வீரனுக்கு நடுகல். மூக்குப் போனவனோ மறுநாள் காலை சந்தைக்குப் போகவேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கவேண்டும். பார்க்க வந்தவர்கள் தன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பதைப் பார்க்கவேண்டும். அவமானப்பட்டவனை 'மூக்கறுபட்டான்' என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம்.

அரசர்களின் வரலாற்றில் தட்டுப்படாத அந்த மனிதன் கம்பனின் கற்பனையில் இருக்கிறான். சுக்கிரீவன் கும்பகருணனின் மூக்கையும் காதுகளையும் கடித்தெடுத்துவிடுகிறான். அதன் பிறகும் அரக்கன் போரிடுகிறான், கைகால்களை இழக்கிறான். சாகும் நேரத்தில் இராமனிடம் கேட்பது இரண்டே. தம்பி வீடணனைக் காப்பாற்றவேண்டும் என்பது ஒன்று. தன் தலையைக் கடலில் தள்ளிவிடவேண்டும், மூக்குப் போன முகத்தை வானோர் பார்த்துவிடக் கூடாது என்பது மற்றொன்று. உயிரைக் கேட்கவில்லை. போன கைகால்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அரக்கர் கதையெல்லாம் வெறும் புளுகு என்பவர்கள் இந்த ஓர் இடத்தைப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

அடிபட்டு வீடு திரும்புகிறவன் மேல்நாட்டு மாயக்கதையிலும் உண்டு. டோல்கீன் 1916இல் சோம் போர்க்களத்தில் இருந்தவர். அவருடைய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் ஊர் திரும்பும் ஃப்ரோடோவுக்கு ஒரு விரல் இல்லை; ஊரில் இருப்பும் கொள்ளவில்லை; கப்பலேறிப் போய்விடுகிறான். படமாகப் பார்த்தவர்களுக்குச் சண்டைதான் நினைவிருக்கும்.

மைசூருக்கே திரும்புகிறேன். 1792 போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவாஸ்ஜி திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கும் ஒரு கையும் போயின. ஏறத்தாழ ஓராண்டு அப்படியே இருந்தார். பிறகு புணே பக்கம் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். மெழுகுத் தகட்டை மூக்கிருந்த இடத்தில் பொருத்தி அளவெடுத்தார். அதை நெற்றியில் விரித்துக் கோடிட்டார். கோட்டுக்குள் தோலை உரித்து, புருவங்களுக்கு நடுவே மட்டும் ஒட்டியிருக்க விட்டு, திருப்பிக் கீழே இறக்கினார். 1794இல் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதைப் படத்தோடு வெளியிட்டது. 1814இல் ஜோசப் கார்ப்யூ அங்கே இதே முறையில் அறுவை செய்தார். காவாஸ்ஜியின் பெயர் மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. மூக்கு செய்தவரின் பெயரை அந்தப் பத்திரிகை போடவில்லை.

இந்த அவையில் மாயக்கதை எழுதும் இளையவர்கள் இருப்பீர்கள். மந்திரவாளும் பறக்கும் குதிரையும் தாராளமாக வரட்டும். கூடவே, மூக்கில்லாத ஒரு பெண்ணையும் சந்தைக்கு அனுப்பிப் பாருங்கள். அந்தப் போரின் இரு மன்னர்களும், திருமலை நாயக்கரும் கண்டீரவ நரசராஜரும், 1659ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் இறந்தார்கள். அவளுக்கு அப்போது பத்து வயது என்று வைத்துக்கொள்ளுங்கள்.