மடையான்



காலைத் திருப்பலி முடிந்ததும் மங்கலம்பேட்டை ஏரிக்கரைப் பக்கம் நடப்பது என் வழக்கம். சர்க்கரைக்காக மருத்துவர் சொன்ன நடை. பறவை பார்ப்பது நானே சேர்த்துக்கொண்டது. சென்ற மாதம் வயலோரத்தில் மண் நிறத்தில், கழுத்தெல்லாம் கோடு கோடாக, குறுகி நின்ற ஒரு பறவையைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். அடுத்த படத்தில் அதைக் காணோம். அதே இடத்திலிருந்து வெள்ளைச் சிறகு விரித்து ஒரு கொக்கு பறக்கிறது. பழுப்புப் பறவை புல்லுக்குள் ஒளிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மறைக்கல்விக்கு வந்த ஒரு பையனிடம் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதான் ஃபாதர். மடையான்" என்று சிரித்தான்.

அவன் சொன்னது சரி. குருட்டுக்கொக்கு என்கிறோமே, அதுதான். சிறகும் வாலும் வெள்ளை. உட்கார்ந்தால் முதுகின் பழுப்பு இறகுகள் மூடிக்கொள்ளும். கூடு கட்டும் காலத்தில் அதே முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். ஆள் கிட்டே போகும்வரை அசையாமல் நிற்பதால் அதற்குக் கண் தெரியாது என்று பெயர் வைத்துவிட்டோம். மீனுக்காகக் காத்து நிற்கிற பறவைக்கா கண் தெரியாது!

அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒருவர் நினைவு வந்தது. தங்கை பிள்ளைக்கு ஞானத்தந்தையாக நிற்க வந்தவரை நான் திருப்பி அனுப்பியிருந்தேன். முன்பு ஒரு திருவிழா இரவில் அவரைக் குடித்த நிலையில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு இரவுதான். அதன்பின் அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கவே இல்லை.

சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன். மனைவிதான் கதவைத் திறந்தார். அவர் குடியை விட்டு இரண்டு வருடமாம்.