விழா முடிந்தபின் தொண்டர்
(இளைஞர் மன்றத் தொண்டர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



2012-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டு விழாவில் ஏறத்தாழ 70,000 தொண்டர்கள் பணியாற்றினர். விண்ணப்பித்தவர்களோ சுமார் 2,40,000 பேர். ஊதியம் கிடையாது, வெளியூரார் தங்குமிடத்தையும் தாமே தேடிக்கொள்ள வேண்டும். சீருடை, பணி நாளில் உணவு, நகருக்குள் செல்லப் பயணச் சீட்டு, இவ்வளவே அவர்கள் பெற்றவை. பந்தயம் ஒன்றையேனும் கண்ணாரக் காணாமல், வாயிலில் நின்று வழிகாட்டியே நாளைக் கழித்தோர் பலர்.

அவர்கள் ஏன் வந்தார்கள்? தொண்டுள்ளம் என்று உடனே விடை கூறிவிடுகிறோம். அது பாதி உண்மையே. வாழ்நாளில் ஒரு முறை வாய்க்கும் விழாவில் தமக்கும் ஒரு பங்கு வேண்டும் என்னும் ஆவலே பலரை இழுத்து வந்தது. இதில் குறை கூற ஒன்றுமில்லை. தேர் இழுக்க வருவோரெல்லாம் நாள்தோறும் கோயிலைப் பெருக்க வருகிறார்களா? விழாவுக்காக வந்தவர் விழாவோடு திரும்புவது இயல்பு. பின்னரும் நிலைத்தவர்களுள், முன்பே தத்தம் ஊரில் ஏதேனும் ஒரு தொண்டில் பழகியவர்களே மிகுதி.

அப்படியானால் புதியவரை நிலைநிறுத்த வழியே இல்லையா? இங்கிலாந்திலேயே மான்செஸ்டர் நகரம் ஒரு வழி கண்டது. 2002-இல் அங்குக் காமன்வெல்த் விளையாட்டு விழா நடந்தது. தொண்டர் ஏறத்தாழ 10,000 பேர். விழாவுக்கு முன்னரே, வறுமையும் வேலையின்மையும் மிகுந்த பகுதிகளில் வாழ்ந்தோரைத் தேடிச் சென்று பயிற்சியும் சான்றிதழும் அளித்தனர். நம்மை யார் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று ஒதுங்கியிருந்தவர்க்கு அது ஒரு நுழைவாயிலாயிற்று. விழா முடிந்ததும் பெயர்ப் பதிவேட்டை மூடிவைத்துவிடவில்லை. அதனைப் பேணுவதற்கென்றே ஓர் அமைப்பு ஏற்பட்டது. நகரில் ஓட்டப் பந்தயம் முதலிய நிகழ்ச்சிகள் வரும்போதெல்லாம் பழைய தொண்டர்களுக்கு அழைப்புச் சென்றது. ஒவ்வோர் அழைப்பும் சிறு பணிக்கே. இயலாதவர் மறுக்கலாம், அடுத்த முறை வரலாம். ஓய்வு பெற்ற முதியோர்க்கு அது நல்ல துணையும் பொழுதும் ஆயிற்று. பத்தாண்டுகள் கழிந்த பின்னும் தொடர்ந்து வந்தவர்கள் உண்டு.

இம்முகாமுக்கு வந்துள்ள உங்கள் பெயர்களும் ஒரு நோட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. அடுத்த மாதம் அந்த நோட்டு யார் கையில் இருக்கும், முதல் அழைப்பு எந்த வேலைக்கு என்பவற்றை இன்று மாலைக் கூட்டத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.