வெளிநாட்டில் போட்ட ஊசி: எங்கள் குடும்ப அனுபவம்

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், நம் வளாகத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் நிறைய. கொரோனா சமயத்தில் அவர்கள் அங்கே தடுப்பூசி போட்டுக்கொண்ட அனுபவத்தை நீங்கள் பேசுங்களேன்" என்று செயலாளர் கேட்டார். நான் முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். டோக்கன் நம்பர் கூப்பிடத் தெரியுமே தவிர, மேடைப் பேச்சு வராது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

2020 டிசம்பரில் நானும் என் மனைவியும் துபாய் போனோம். மகள் அங்கே பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளைக்கு அபுதாபியில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்கிவிடுவார். பேத்திக்கு வீட்டிலிருந்தே ஆன்லைன் வகுப்பு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மகள் கூப்பிட்டாள். மூன்று மாத விசிட் விசாவில் கிளம்பினோம்.

நாங்கள் போன சமயத்தில் அங்கே ஊசி வந்துவிட்டது. சீனாவின் சினோஃபார்ம் தடுப்பூசிக்கு அந்த நாடு டிசம்பர் 9-ம் தேதி அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பே, ஜூலை மாதத்திலிருந்து அபுதாபியில் அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனை நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் தாமாக முன்வந்து கையை நீட்டியிருந்தார்கள். டிசம்பர் 23 முதல் துபாயில் ஃபைசர் ஊசியும் போட ஆரம்பித்தார்கள். இரண்டும் இலவசம். குடிமக்களுக்கு மட்டுமல்ல, அங்கே வசிக்கிற எல்லோருக்கும்.

இதில் தாராள மனசும் உண்டு, கணக்கும் உண்டு. அந்த நாட்டு ஜனத்தொகையில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். டாக்சி ஓட்டுபவர், நர்ஸ், கட்டட வேலை செய்பவர், பள்ளி ஆசிரியர் எல்லாம் அவர்கள்தான். அவர்களை விட்டுவிட்டுச் சொந்த ஜனங்களுக்கு மட்டும் போட்டால் நோய் நிற்காது.

ஆசிரியை என்பதால் என் மகளுக்குச் சீக்கிரமே முறை வந்தது. ஃபைசர். நானும் துணைக்குப் போனேன். போனில் வந்த குறுஞ்செய்தியைக் காட்டினாள். எமிரேட்ஸ் ஐடி கார்டை வாங்கிக் கணினியில் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் பார்த்து, ஊசி போட்டு, பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, 21 நாள் கழித்து வரச் சொல்லித் தேதி கொடுத்து அனுப்பினார்கள். சொந்த ஊர் எது, என்ன மதம், எவ்வளவு சம்பளம் என்று ஒரு கேள்வி இல்லை. வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு பாகிஸ்தானி டிரைவர். பின்னால் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்மணி.

என் மனைவிக்குப் பல வருடமாகச் சர்க்கரை வியாதி. அந்த மேஜையிலிருந்த இளைஞரிடம் அவளுக்காகக் கேட்டுப் பார்த்தேன். அவர் எங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டி விசாவைப் பார்த்தார். "ரெசிடென்ட்ஸுக்கு மட்டும்தான் அங்கிள்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கே.ஒய்.சி. இல்லாமல் வந்த வாடிக்கையாளர்களிடம் முப்பத்தைந்து வருடம் நான் காட்டிய முகம் அது.

மாப்பிள்ளைக்கு அபுதாபியில் சினோஃபார்ம் போட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு கம்பெனி ஊசி! வார விடுமுறைக்கு அவர் வந்தால், எது உசத்தி என்று சாப்பாட்டு மேஜையில் பட்டிமன்றம் நடக்கும். உலக சுகாதார நிறுவனம் சினோஃபார்மை ஏற்றுக்கொண்டது 2021 மே 7-ம் தேதிதான். இரண்டாவது ஊசி போட்டு ஆறு மாதம் ஆனவர்களுக்கு மூன்றாவது தருகிறோம் என்று அதே மாதம் அங்கே அறிவித்தார்கள். அவரும் போட்டுக்கொண்டார்.

இதற்கிடையில் நம் நாட்டில் ஜனவரி 16-ல் மருத்துவப் பணியாளர்களுக்கு ஆரம்பித்து, மார்ச் 1 முதல் 60 வயது தாண்டியவர்களுக்கும் என்று செய்தி வந்தது. எங்கள் விசா முடியும் நேரம். "விசாவை நீட்டிக்கலாம்ப்பா, இங்கேயே இருங்க" என்றாள் மகள். "இங்கே நமக்கு ஊசி கிடையாது. ஊருக்குப் போனால் அடுத்த வாரமே போட்டுக்கொள்ளலாம்" என்றேன் நான். நான்தான் முடிவெடுத்தேன். மார்ச் முதல் வாரம் சென்னை திரும்பினோம்.

மார்ச் நடுவில் ஒரு தனியார் மருத்துவமனையில், ஆளுக்கு 250 ரூபாய் கட்டி, கோவிஷீல்டு முதல் ஊசி போட்டுக்கொண்டோம். ஏப்ரல் கடைசியில் நான் இரண்டாவதும் போட்டேன். அன்று மனைவிக்குச் சளி இருந்ததால், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மே மாதம். அந்த மே மாதம் எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆக்சிஜன் அளவு 88-க்கு இறங்கியது. படுக்கைக்கு அலைந்து, ஒரு வழியாக இடம் கிடைத்துச் சேர்த்தோம். ஒன்பது நாள் இருந்தாள். கூட இருக்க யாருக்கும் அனுமதி இல்லை. நான் வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டு உட்கார்ந்திருந்தேன்.

துபாயில் மகள் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள். ஆனால் ஏப்ரல் 24 நள்ளிரவிலிருந்து இந்தியாவிலிருந்து பயணிகள் உள்ளே வர அந்த நாடு தடை போட்டுவிட்டது. இங்கே வருவதற்கு விமானம் இருந்தது. வந்தால் எப்போது திரும்பலாம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அங்கே எட்டு வயதுப் பேத்தி, வேலை, வீட்டுக் கடன். இருந்தும், "நான் வர்றேன்ப்பா" என்று ராத்திரி பதினொரு மணிக்கு அழுதாள். என் மனைவி மருத்துவமனைப் படுக்கையிலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, போனில் அவளிடம் ஒன்று கேட்டாள்: "நீ வந்தா மட்டும் இங்க உள்ள விடுவாங்களா? குழந்தையப் பாரு." மகள் வரவில்லை.

அந்த ஒன்பது ராத்திரியும் எனக்கு ஒரே கணக்குத்தான் ஓடியது. துபாயிலேயே இருந்திருந்தால்? அங்கே அவளுக்கு ஊசி கிடைத்திருக்காது. ஆனால் இந்த அலையில் மாட்டியிருக்க மாட்டாள். இங்கே வந்ததால் ஒரு ஊசியாவது உடம்பில் ஏறியது. அந்த ஒரு ஊசிதான் அவளைக் காப்பாற்றியதோ என்னவோ. இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தேன். வங்கியில் மாலை டேலி ஆகாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. இந்தக் கணக்கு இன்றுவரை டேலி ஆகவில்லை.

அந்த நாட்களில் எங்கள் கதவுக் கைப்பிடியில் மூன்று வேளையும் சாப்பாட்டுப் பை தொங்கியது. நான்காவது மாடியிலிருந்து ஆக்சிமீட்டர் வந்தது. பி பிளாக் தம்பி மருந்துக்காக மூன்று கடை அலைந்தார். அவர்களெல்லாம் இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள் என்பதால் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5 முதல், தங்கள் நாட்டிலேயே இரண்டு ஊசியும் போட்டுக்கொண்ட குடியிருப்பு விசாக்காரர்கள் இந்தியாவிலிருந்து திரும்பலாம் என்று துபாயில் வழி திறந்தார்கள். இரண்டாவது வாரமே மகள் வந்து அம்மாவைப் பார்த்தாள். திரும்பும்போது முன் அனுமதி, 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை, போதாததற்கு விமான நிலையத்திலேயே புறப்படும் முன் இன்னொரு பரிசோதனை. ஆனாலும் போக முடிந்தது. அதே வேலை, அதே விசா உள்ளவர்கள் பலர் இந்தியாவில் ஊசி போட்ட காரணத்தால் அன்றைக்கு ஏற முடியவில்லை.

அப்படி மாட்டியவன் என் அக்கா பையன். மஸ்கட்டில் எலெக்ட்ரீஷியன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்தவன், ஏப்ரலில் ஓமனும் கதவைச் சாத்தியதும் இங்கேயே நின்றுவிட்டான். கிராமத்து முகாமில் அன்று இருந்தது கோவாக்சின். இரண்டு ஊசியும் போட்டான். செப்டம்பர் 1 முதல் ஓமன் திறந்தது. கோவிஷீல்டு அவர்கள் பட்டியலில் இருந்தது, கோவாக்சின் இல்லை. அவனோடு அதே கம்பெனியில் வேலை பார்த்த பக்கத்து ஊர்க்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இவன் என்ன தப்பு செய்தான்? அரசாங்கம் போட்ட ஊசியை, வரிசையில் நின்று போட்டுக்கொண்டான். மறுபடி கோவிஷீல்டு போடச் சொல்லிக் கேட்டால் இங்கே விதி இல்லை. இதே சிக்கலில் சவூதியில் வேலை பார்த்த ஒருவர் கேரள உயர் நீதிமன்றம் வரை போனார். அக்டோபர் 27-ல் ஓமன் கோவாக்சினைச் சேர்த்தது. நவம்பர் 3-ல் உலக சுகாதார நிறுவனமும் ஒப்புக்கொண்டது. அந்த இரண்டு மாதமும் அக்கா வீட்டில் நகைக் கடன்தான் அடுப்பெரித்தது.

பெரிய படிப்புப் படித்தவர்களையும் இது விடவில்லை. புனேயில் தயாரான ஊசி பிரிட்டனுக்கும் ஏற்றுமதியாகி அங்குள்ள மக்களுக்கும் போடப்பட்டது. ஆனால் அதே ஊசியை இங்கே போட்டுக்கொண்டு போனவர்களின் சான்றிதழை அவர்கள் ஏற்றது 2021 அக்டோபர் 11-ல்தான்.

சிங்கப்பூரில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், தொழிலாளர் விடுதியில் இருந்தவன். அங்கேயும் வொர்க் பெர்மிட்காரர்களுக்கு ஊசி இலவசம். 2021 மார்ச்சில் விடுதிகளில் போட ஆரம்பித்தார்கள். ஆனால் போட்ட பிறகும் அவர்களால் இஷ்டப்படி வெளியே போக முடியவில்லை. செப்டம்பரில்தான், ஊசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்குப் போய்வர விட்டார்கள். "மாமா, ஊசி போட்டாச்சு, ஆனா கோயிலுக்குப் போக முடியல" என்று அவன் சொன்னது நினைவிருக்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். ஊசி போடும்போது இருந்த பெருந்தன்மை எல்லையைக் கடக்கும்போது இல்லை. வேலை செய்யும் ஊரில் ஊசி கிடைத்தது. எங்கே, எந்தப் பெயர் ஊசி என்பதைப் பொறுத்து, வேண்டியவர்களிடம் போய்ச் சேர முடிந்தது அல்லது முடியவில்லை. உடம்பைக் காத்தது மருந்து. குடும்பத்தைச் சேர்த்ததும் பிரித்ததும் காகிதம்.

காகிதம் என்றதும் பழைய வேலைப் புத்தி வந்துவிடுகிறது. மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, பெயர். நம் தமிழ் இனிஷியல் படுத்துகிற பாடு! எங்கள் கோவின் சான்றிதழில் ஆதாரில் உள்ளபடி இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. மறுபடி துபாய் கிளம்பும்போது அதைத் திருத்தி, பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்த பிறகுதான் நிம்மதி. ஆதார், பான், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இரண்டு, சான்றிதழ்கள். கொரோனா சான்றிதழை இன்று யாரும் கேட்பதில்லை என்று தூக்கிப் போடாதீர்கள். ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இன்றும் கட்டாயம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும் என்பதால் கடைசி நிமிடத்தில் ஓடாதீர்கள். எல்லா ஊசி விவரத்தையும் ஒரே ஃபைலில் வைத்து, ஒரு நகல் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

மூன்று, இதுதான் முக்கியம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள், அவர்கள் போன் நம்பரைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டு நம்பரை அவர்களிடமும் கொடுங்கள். அந்த மே மாதம் ராத்திரி, என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து போய், மகள் பதறிப்போய் இருந்தபோது, அவளிடம் இருந்த ஒரே நம்பர் நான்காவது மாடி நம்பர்தான். அவர் மாடி இறங்கி வந்து, கதவுக்கு வெளியே நின்று, "சார், நல்லா இருக்கீங்களா? பொண்ணு கேக்குது" என்று குரல் கொடுத்தார்.

என் மனைவி இதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். போதும் என்று கை காட்டுகிறாள். முடித்துக்கொள்கிறேன்.