மேலவையில் ஒலிக்கும் குரல்

(தோட்டப் பாட்டாளிகளிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரம் சீவி, பாலெடுத்துச் சேர்த்து, வீடு திரும்பிக் களைப்பாற வேண்டிய வேளையில் இங்கு வந்து கூடியிருக்கின்றீர்கள். உங்கள் ஆர்வத்திற்கு நமது நன்றி உரியது. நாட்டின் பொதுப் பிரச்சினைகளைப் பற்றிய நாடாளுமன்ற விவாதங்களில் ஒரு செனட்டர் ஆற்றும் பணி யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளாகும்.

"தேர்தல் நாளில் மக்களவைக்கு வாக்களிக்கின்றோம், சட்டமன்றத்திற்கு வாக்களிக்கின்றோம். மேலவைக்கு நாம் வாக்களிப்பதில்லையே! அங்கு யார் பேசினால் நமக்கென்ன?" என்று வினவுவோர் நம்மிடையே உண்டு. அது நியாயமான வினா. அதற்கு விடை காண, மேலவை அமைந்துள்ள முறையை முதலில் அறிதல் நலம்.

1959ஆம் ஆண்டில் மேலவை முதன்முதலாகக் கூடியபோது அதில் 38 உறுப்பினர்கள் இருந்தனர். இன்று 70 இடங்கள் உள்ளன. பதின்மூன்று மாநிலச் சட்டமன்றங்களும் தலைக்கு இருவராக 26 பேரைத் தேர்ந்தெடுக்கின்றன. எஞ்சிய 44 பேரை மாட்சிமை தங்கிய மாமன்னர் நியமிக்கின்றார். பொதுப் பணியில் சிறந்தோர், தொழில், வாணிபம், வேளாண்மை, பண்பாடு, சமூகத் தொண்டு ஆகியவற்றில் புகழ் ஈட்டியோர், சிறுபான்மை இனங்களின் பிரதிநிதிகள், பூர்வகுடி மக்களின் நலனை எடுத்துரைக்க வல்லோர் ஆகியோரை நியமிக்கலாம் என அரசியலமைப்புச் சட்டம் கூறுகின்றது. தேர்தல் களத்தில் எண்ணிக்கை குறைந்தோரின் குரலும் நாடாளுமன்றத்தில் ஒலிக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். நாடெங்கும் சிதறிக் கிடக்கும் தோட்டப்புற மக்களுக்கு இதன் பொருள் விளங்காமற் போகாது.

ஒரு செனட்டரின் பதவிக்காலம் மூன்றாண்டுகள். இரண்டு தவணைகளுக்கு மேல் அவர் அப்பதவியில் இருத்தல் இயலாது. ஆகவே, அவருக்குக் கிடைப்பது மிஞ்சினால் ஆறாண்டுகள். அதற்குள் அவர் பேச வேண்டியதைப் பேசியாக வேண்டும்.

ஒரு மசோதா பெரும்பாலும் மக்களவையில் பிறந்து, பின்னர் மேலவைக்கு வருகின்றது. அங்கு விவாதிக்கப்பெற்ற பிறகே மாமன்னரின் ஒப்புதலுக்குச் செல்கின்றது. நிதி மசோதாவை மேலவை ஒரு மாதத்திற்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது. ஏனைய மசோதாக்களை ஏறக்குறைய ஓராண்டு தாமதப்படுத்தலாம். அடியோடு தடுக்க இயலாது. ஆனால் அரசியலமைப்பைத் திருத்தும் மசோதாக்களுள் பெரும்பாலானவற்றுக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவை. அங்கு மேலவையின் சொல்லை ஒதுக்கிவிட்டுச் செல்ல வழியில்லை.

தாமதப்படுத்தும் அதிகாரம் வெறும் ஏட்டளவில் உள்ளதா? அன்று. 2018 செப்டம்பரில், பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை நீக்கும் மசோதா மேலவைக்கு வந்தது. ஆதரவாக 21 பேரும் எதிராக 28 பேரும் வாக்களித்தனர். மூவர் நடுநிலை வகித்தனர். மசோதா தோல்வி கண்டது. ஓராண்டு கழிந்து, 2019 அக்டோபரில் மக்களவை அதனை மீண்டும் நிறைவேற்றிய பின்னரே அச்சட்டம் நீங்கிற்று. அம்முடிவு சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் மேலவை வெறும் முத்திரை குத்தும் இடமன்று என்பதை நாடு அன்று கண்டது. அவ்வேளையில் மேலவைத் தலைவராக இருந்தவர் தமிழரான திரு. எஸ். ஏ. விக்னேஸ்வரன் என்பதும் நாம் அறியத்தக்கது.

எனினும், செனட்டரின் பெருந்தொண்டு வாக்களிப்பதில் மட்டும் அடங்கிவிடவில்லை. ஆராய்ந்து, ஆதாரம் திரட்டி, நாட்டின் முன் வைப்பதே அதனினும் பெரிது. இதற்குச் செனட்டர் ஆதி நாகப்பன் அவர்களின் பணியைச் சான்றாகக் காட்டுவோம்.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய காலத்தில், நகராண்மைக் கழகங்களுக்கும் ஊராட்சி மன்றங்களுக்கும் நடைபெற்று வந்த தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் அம்மன்றங்களின் செயல்முறையை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பெற்று, அதன் தலைமைப் பொறுப்பு ஆதி நாகப்பன் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு மேல் ஆராய்ந்து, 1968 இறுதியில் ஆணையம் தன் அறிக்கையை முடித்தது. 1971இல் அது வெளியிடப்பெற்றது. குறைகள் பலவற்றைச் சுட்டிக் காட்டிய அவ்வறிக்கை, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி, மன்ற உறுப்பினர்களை மாநில அரசுகளே நியமிக்கின்றன. இன்றளவும் அதுவே நடைமுறை.

அங்ஙனமாயின் அவர் உழைப்பு வீணா? வீணன்று. ஊராட்சித் தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், ஆதரிப்போரும் மறுப்போரும் 'நாகப்பன் அறிக்கை' என அதனையே எடுத்துப் புரட்டுகின்றனர். பேசியவர் மறைந்தாலும், ஆதாரத்தோடு பேசிய பேச்சு மறைவதில்லை.

இது தோட்டத்திற்கு எட்டாத செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். தோட்டம் தனியார் நிலம். ஊராட்சி மன்றத்தின் சாலைப் பணியும் குப்பை வண்டியும் தோட்டத்து வாயிலோடு நின்றுவிடும் அனுபவம் உங்களுள் பலருக்கு உண்டு. குடியிருப்பு, குடிநீர் முதலியவை முதலாளியின் பொறுப்பு எனச் சட்டம் கூறுகின்றது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் இதற்கென வந்ததே. 2019இல் அது திருத்தப்பெற்று, 2020 ஜூன் முதல் நடப்புக்கு வந்தது. இவையெல்லாம் இரு அவைகளின் விவாதங்களைக் கடந்தே சட்டமாயின. அவ்விவாத வேளையில் தோட்டத்து லயத்தின் உண்மை நிலையை அறிந்த ஒருவர் அவையில் இருப்பதற்கும் இல்லாமற் போவதற்கும் வேறுபாடு உண்டன்றோ?

செனட்டர் அமைச்சரிடம் கேள்வி எழுப்பலாம். வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ அமைச்சு மறுமொழி அளித்தல் வேண்டும். அவையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் அதிகாரபூர்வ ஏட்டில் பதிவாகின்றது. அவ்வேட்டை நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் எவரும் படிக்கலாம். அவையில் பேசியதற்காக உறுப்பினர்மீது வழக்குத் தொடர இயலாது. ஆனால் 1971ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை, ஆட்சியாளர்களின் இறைமை ஆகிய விதிகளை எதிர்த்துப் பேசுவோர்க்கு அப்பாதுகாப்பு முழுமையாக இல்லை. அவையின் மொழி மலாய். ஆதலின் நீங்கள் தமிழில் சொல்லும் குறையை, பொருள் சிதையாமல் தேசிய மொழியில் நாட்டின் ஏட்டில் ஏற்றுபவராகவும் செனட்டர் விளங்குகின்றார்.

அவ்வாறு ஏற்றுவதற்கு அவருக்குச் செய்தி வேண்டுமே! அது யாரிடமிருந்து வரும்? உங்களிடமிருந்தே வர வேண்டும். "எங்கள் தோட்டத்தில் குடிநீர் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால், அமைச்சர் பொதுவாகவே மறுமொழி கூறுவார். எந்தத் தோட்டம், எத்தனை குடும்பங்கள், எந்த நாளிலிருந்து, நிருவாகத்திடம் எப்போது முறையிட்டீர்கள், என்ன பதில் வந்தது ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். தொழிற்சங்கக் கிளையிடம் ஒரு படி கொடுங்கள். உங்கள் மாநிலத்துச் செனட்டருக்கு ஒரு படி அனுப்புங்கள். மற்றொன்றை நீங்களே பத்திரமாக வைத்திருங்கள். எழுதத் தயங்கும் பெரியவர்களுக்குப் படித்த பிள்ளைகள் துணை நிற்க வேண்டும். அப்படிப்பட்ட தாள் ஒன்று கையில் இருக்கும்போது, செனட்டரின் கேள்வியை எளிதில் தட்டிக் கழிக்க முடியாது.

ஒரு கடிதத்தால் சாலை வந்துவிடும் என்றோ, ஒரு கேள்வியால் கூரை மாறிவிடும் என்றோ நாம் கூற வரவில்லை. எறும்பூரக் கல்லும் தேயும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. மேலவைக்கு நாம் வாக்களிப்பதில்லை. ஆனால் அங்குப் பேசப்படும் உண்மையை நாம் வழங்கலாம். வாக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை வருவது. உண்மையை எடுத்துரைக்கும் உரிமையோ நாள்தோறும் நம் கையில் உள்ளது. அதனைப் பயன்படுத்துவோமாக.