பிடிக்காத நாயகனுக்கும் நீதி உண்டு

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு காப்பியத்தைப் படித்து முடித்த வாசகர்கள், "கதை அருமை, கதாநாயகனைத்தான் பிடிக்கவில்லை" என்றால், அது புலவரின் தோல்வியா? இந்தக் கேள்விக்குச் சிலப்பதிகாரத்துக் கோவலனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அந்தக் கதையில் அற்புதங்களுக்குக் குறைவே இல்லை. நாற்சந்தியில் பூதம் காவல் நிற்கிறது. மதுரையின் தெய்வம் நேரில் வந்து பேசுகிறது. ஒரு பெண்ணின் சினம் நகரையே எரிக்கிறது. ஆனால் இளங்கோவடிகள் நடுவில் நிறுத்தியிருக்கும் நாயகனோ கட்டிய மனைவியை விட்டுப் போனவன். முன்னோர் தேடிய பொருளைத் தொலைத்தவன். ஒரு பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டு மாதவியையும் மகள் மணிமேகலையையும் விட்டு வந்தவன்.

உ.வே.சாமிநாதையர் 1892-ல் பதிப்பித்த நாள் முதல் இந்த நூலைச் சுற்றி வாதம் ஓயவில்லை. ம.பொ.சி. இதைத் தமிழரின் தேசியக் காப்பியம் என்று ஊர் ஊராகப் பேசிச் 'சிலம்புச் செல்வர்' ஆனார். பெரியாரோ பெண்ணடிமைத்தனத்தைப் போற்றும் நூல் என்று கடுமையாகச் சாடினார். 1964-ல் 'பூம்புகார்' படமாக வந்த பிறகு, ஏடு தொடாதவர்களுக்கும் கோவலன் தெரிந்தவனானான்.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களின் தோட்டத்துப் பெண்களுக்கு இவனை யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போன கணவனுக்காக லயத்து வாசலில் காத்திருந்த பெண்கள் அங்கே எத்தனை பேர்! கண்ணகிக்காவது விற்பதற்குச் சிலம்பு இருந்தது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அந்தப் பெண்கள் கோவலனைத் திட்டினால் அதில் நியாயம் உண்டு.

"திருந்தி வந்தவனை இன்னும் ஏன் திட்ட வேண்டும்?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் சான்று இருக்கிறது. யானையிடம் சிக்கிய முதியவரைக் காப்பாற்றியவன் கோவலன். கீரிப்பிள்ளையைக் கொன்ற பழிக்காகக் கணவன் விட்டுப் போன ஒரு பெண்ணுக்குப் பொருள் கொடுத்து, அவளைக் கணவனோடு சேர்த்து வைத்தவனும் அவனே. ஊரார் வீட்டுப் பிரிவைத் தீர்த்தவனுக்குத் தன் வீட்டுப் பிரிவு தெரியவில்லை! மாடலன் வாயிலாக இதையெல்லாம் அவன் சாவதற்குச் சற்று முன்புதான் இளங்கோ சொல்ல வைக்கிறார். வெறுத்தவர்களும் தயங்க வேண்டும் என்றே அப்படி வைத்தார் போலும்.

இந்த வழக்கில் தெளிவாக நிற்பவள் கண்ணகி. மதுரையில் கோவலன் தன் தவறுகளைச் சொல்லி வருந்தியபோது, 'நீங்கள் செய்யவில்லை' என்று அவள் மழுப்பவில்லை. சான்றோர் போற்றாத ஒழுக்கம் அது என்று முகத்துக்கு நேரே சொன்னாள். பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பி, விசாரணையின்றி அரசன் ஆணையிட்டான். ஆளைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று காவலரிலேயே சிலர் தயங்கினார்கள். அதற்குள் குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான்.

பாண்டியன் அவையில் கண்ணகி என்ன வாதாடினாள்? என் கணவர் உத்தமர் என்றா? இல்லை. அவர் கள்வர் அல்லர் என்ற ஒன்றையே நிறுவினாள். அரசியின் சிலம்பில் முத்து. உடைத்த சிலம்பிலோ மாணிக்கம். அவன் நல்ல கணவனா என்ற கேள்வி அந்த வழக்கிலேயே இல்லை.

வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் என்ற காலத்தில், கிராணியோ கங்காணியோ துரையிடம் சொன்ன ஒரு சொல் ஒரு குடும்பத்தையே தெருவில் நிறுத்தும். அப்போது பக்கத்து வீட்டார், "அவன் குடிகாரன்தானே" என்று சும்மா இருந்தால் போதும், அநீதி முடிந்துவிடும். இன்றும் காவலில் ஓர் இளைஞன் இறந்தான் என்று செய்தி வந்தால், முதலில் எழும் கேள்வி, "அவன் மேல் பழைய கேஸ் உண்டாமே?" என்பதுதான். கேஸ் இருக்கலாம். அதற்குத் தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது.

நேயர்களே, கோவலனைப் பிடிக்கவில்லையா? பிடிக்க வேண்டாம். அவனை யாரையும்விட அதிகமாக வெறுக்க உரிமை உள்ளவள் கண்ணகி. அவளே அவனுக்காக ஒற்றைச் சிலம்போடு அரசன் வாசலுக்குப் போனாள்.