சுண்ணாம்புக் கம்பத்தில் ஒரு கணக்கு



சிராங்கூன் சாலைப் பகுதியை நம் முன்னோர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்தனர். அங்குச் சுண்ணாம்புத் தொழில் நடந்ததன் சான்றாகக் கம்போங் கப்போர் சாலை இன்றும் உள்ளது. மலாய்மொழியில் 'கப்போர்' என்பதும் சுண்ணாம்பே. ஒரு வேதிவினையில் எவ்வளவு பொருள் விளையும் என்று கணிப்பதைப் பாடநூல்கள் வேதிவினைக்கூறு விகிதம் என்கின்றன. நம் மாணவர் ஆங்கிலத்தில் பயிலும் அக்கணக்கை, இத்தொழிலைக் கொண்டு தமிழில் செய்து பார்ப்போம்.

கிளிஞ்சலும் பவளமும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. கால்சியம் 40, கார்பன் 12, மூன்று ஆக்சிஜன் 48, கூட்டினால் 100. காளவாயில் சுடும்போது 44 பங்கு கரியமில வாயுவாக வெளியேற, 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். ஆகவே தூய கிளிஞ்சல் 100 கிலோவிலிருந்து 56 கிலோவுக்கு மேல் எவரும் பெற இயலாது. அதில் பத்தில் ஒரு பங்கு மண்ணாயின் 50.4 கிலோதான்.

அடுத்தது நீற்றுதல். ஒரு மோல் சுட்ட சுண்ணாம்புக்கு ஒரு மோல் நீர். மாணவர் பலர் இடறுமிடம் இதுவே. ஒன்றுக்கு ஒன்று என்றதும் 56 கிலோவுக்கு 56 கிலோ நீர் என்று எழுதிவிடுவர். தேக்காவின் பூக்கடையில் ஒரு மல்லிகைக்கு ஒரு ரோஜா என்று தொடுத்தால், எண்ணிக்கை ஒன்றே, எடை ஒன்றாகுமா? சமன்பாடு சொல்வது எண்ணிக்கையை. நீரின் மோல் நிறை 18 ஆதலால், 56 கிலோவுக்கு 18 கிலோ நீரே தேவை. கிடைப்பது 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு. நீர் 9 கிலோ மட்டும் இருப்பின் 37 கிலோ கிடைக்கும். 28 கிலோ சுட்ட சுண்ணாம்பு வினைபுரியாது கிடக்கும். பற்றாக்குறையான நீரே இங்கு வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. நீற்றும்போது எழும் வெப்பம் நீரை ஆவியாக்குமாதலால், நடைமுறையில் கணக்கினும் மிகுதியாகவே ஊற்ற வேண்டும்.

1856இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ பேராலயத்தை எழுப்பியோர் இந்தியக் கைதிகள். அதன் உட்சுவர்களில் மதராஸ் சுண்ணம் பூசினர்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர். வெண்கருவின் அளவை இத்தகைய எளிய சமன்பாட்டில் அடக்க இயலாது. அது கைப்பழக்கத்தின் துறை. சுண்ணாம்புக்கோ கணக்கு உண்டு. சுவரிலுள்ள 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு, காற்றிலிருந்து 44 கிலோ கரியமில வாயுவை மெல்ல ஏற்று, 18 கிலோ நீரை விடுத்து, மீண்டும் 100 கிலோ கால்சியம் கார்பனேட்டாகும். காளவாயில் இழந்த அதே 44! உருவில் மட்டும் கிளிஞ்சலன்று, சுவர்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சுவருக்கு 185 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு வேண்டும். கிடைத்த கிளிஞ்சலில் 80 விழுக்காடே கால்சியம் கார்பனேட்டு. எத்தனை கிலோ சுட வேண்டும்? ஒவ்வொரு படியையும் தமிழிலேயே எழுதிப் பாருங்கள், விடை 312.5 வர வேண்டும்.