வியாழக்கிழமைப் பிள்ளை

இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் ஒரு பாதிரியார் குடும்பம். வீட்டம்மா பெயர் சூசன்னா வெஸ்லி. பெற்றது 19, தங்கியது 10. பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததுமே கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிக்கொடுப்பார். ஐந்து வயது முடிந்ததும் எழுத்து; அடுத்து ஆதியாகமம் முதல் வசனமே வாசிப்புப் பாடம்!

இதெல்லாம் எல்லாருக்கும் பொது. தினமும் ராத்திரி ஒரு பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார் பாருங்கள், என்னைக் கேட்டால் மனப்பாடத்தைவிட அதுதான் பெரிய வேலை. ஜானுக்கு வியாழன், சார்லஸுக்குச் சனி. அத்தனை வேலைக்கு நடுவிலும் இந்த முறை வைத்திருந்தார்.

ஜான் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியராகவும் ஆகிவிட்டார். அப்போதும், அந்த வியாழக்கிழமை நேரத்தில் தன்னைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளும்படி அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். பிற்பாடு மெதடிஸ்ட் இயக்கத்தை வழிநடத்தியவர் அவர்தான். சார்லஸ் எழுதிய கீர்த்தனைகளோ ஆயிரக்கணக்கில்.